கறுப்புத் தொட்டி

அமெரிக்காவில் சொந்த வீட்டை விற்றுவிட்டு, மோட்டார்ஹோம் எனப்படும் வண்டிவீட்டில் ஆண்டு முழுதும் வாழ்கிறவர்களை 'ஃபுல்டைமர்' என்கிறார்கள். படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிவறை எல்லாம் ஒரே வண்டிக்குள். ஓய்வுபெற்ற தம்பதியர், தனித்த பெண்கள், வாடகை கட்ட முடியாமல் போனவர்கள் என்று பலரும் அவர்களில் உண்டு. அவர்கள் எழுதியவற்றைப் படிக்கத் தொடங்கியபோது மலையும் பாலைவனமும் சூரியோதயமும் வரும் என்று எதிர்பார்த்தேன். பக்கம் பக்கமாக இருந்ததோ தொட்டிகளைப் பற்றிய பேச்சு.

மூன்று தொட்டிகள். நல்ல தண்ணீருக்கு ஒன்று. குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் சேர்வது சாம்பல் தொட்டி. கழிவறைக்குக் கீழே இருப்பது கறுப்புத் தொட்டி. கறுப்புத் தொட்டியின் வால்வை மூடியே வைத்திருக்க வேண்டும். திறந்துவிட்டால் நீர் மட்டும் வடிந்து, மலம் அடியில் இறுகிவிடும். நிறைந்ததும் கழிவு இறக்கும் இடத்துக்கு வண்டியை ஓட்டிப்போய், கையுறை மாட்டி, குழாயைப் பொருத்தி முதலில் கறுப்பைத் திறக்க வேண்டும், அதன் பிறகே சாம்பலை. அப்போதுதான் பாத்திரம் கழுவிய தண்ணீர் குழாயையும் கழுவிக்கொண்டு போகும். (இந்த வரிசையைக் கண்டுபிடித்தவள் சமையலறையில் நெடுங்காலம் நின்ற எவளோ ஒருத்தி என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கும். ஆதாரமெல்லாம் கிடையாது.)

வேலை அதோடு முடியாது. கூரையின் மூட்டுகளில் பூசிய பசை வெடித்திருக்கிறதா என்று ஏணி வைத்து ஏறிப் பார்க்க வேண்டும். சின்ன ஓட்டையில் இறங்கும் மழைநீர் சுவர்ப்பலகையை உள்ளுக்குள்ளேயே மக்கவைத்துவிடும். டயர் தேயாவிட்டாலும் வயதானால் வெடிக்கும். கிளம்பும்போதெல்லாம் அலமாரிக்கும் ஃபிரிட்ஜுக்கும் கொக்கி போட வேண்டும். வண்டி சுமக்கும் எடைக்கும் வரம்பு உண்டு. 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ. ஒரு பொருள் உள்ளே வந்தால் இன்னொன்று வெளியே போக வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம்.

அப்படியென்றால் வீட்டை விட்டுப் போனவர்கள் வீட்டுவேலையையும் விட்டுப் போனார்களா?

தமிழில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 'விடு' என்னும் வினையோடு உறவுள்ள 'வீடு' குடியிருக்கும் இடத்தையும் குறிக்கும், மோட்சத்தையும் குறிக்கும். அறம், பொருள், இன்பம், வீடு என்ற வரிசையில் நான்காவதாக நிற்பது விடுதலை. வகுப்பில் இதைச் சொன்னால் மாணவிகள் சிரிப்பார்கள். இல்லாள் என்றால் மனைவி, இல்லான் என்றால் ஏதுமற்றவன் என்று அடுத்துச் சொல்லும்போது சிரிப்பு நின்றுவிடும். வீட்டைத் துறந்து வீடுபேறு தேடிப் போன ஆண்களின் கதைகள் நம்மிடம் ஏராளம். அவர்கள் ஏந்திய ஓட்டில் விழுந்த சோற்றை வடித்தவள் அடுப்பை விட்டு நகர்ந்ததில்லை.

சிமோன் த பொவார், 1949இல் வெளியான 'இரண்டாம் பாலினம்' நூலில், வீட்டுவேலையைப் பாறையை மலையுச்சிக்கு உருட்டிக்கொண்டே இருக்கும் சிசிஃபஸின் தண்டனையோடு ஒப்பிட்டார். துடைத்தது மறுபடி அழுக்காகும், எதுவும் மிஞ்சாது. எனக்கு இதில் பாதி உடன்பாடுதான். வெளியேறியவள் போட்டுவிட்டுப் போன துடைப்பத்தை வேறொருத்தி எடுக்க வேண்டியிருக்கிறது. அவள் யார் என்பதை நம் ஊரில் சாதியும் வறுமையும் முன்கூட்டியே தீர்மானித்திருக்கின்றன. மனித மலத்தை அள்ள ஆள் வைப்பதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம் வந்தது. அது போதாமல் 2013இல் இன்னொன்று. செப்டிக் டேங்குக்குள் இறங்குகிறவர்கள் இன்னும் செத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தன் கழிவைத் தான் பார்க்காமலே வாழ்ந்துவிட முடிகிற ஏற்பாட்டுக்குத்தான் இங்கே வீடு என்று பெயர்.

வண்டிவீட்டில் அந்த ஏற்பாடு இல்லை. அதுதான் என்னை இழுத்தது. அங்கே அலுவலகத்தில் அதிகாரியாக இருந்தவரும் குனிந்து தன் கழிவைத் தானே இறக்குகிறார். ஆனால் அதற்குள்ளும் பாகப்பிரிவினை நுழைந்துவிட்டது. நீல வேலை, இளஞ்சிவப்பு வேலை என்று அவர்களே சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். ஓட்டுவது, டயர், தொட்டி எல்லாம் நீலம். சமைப்பது, துடைப்பது, அடுக்குவது இளஞ்சிவப்பு. நீல வேலை சில நாளுக்கு ஒருமுறை வரும், முடியும். பக்கத்து வண்டிக்காரர் வந்து நின்று யோசனை சொல்வார். இளஞ்சிவப்பு வேலையை வேடிக்கை பார்க்க யாரும் வருவதில்லை. கணவர் படுத்துவிட்டால் தன் சொந்த வீட்டையே நகர்த்தத் தெரியாமல் முன்பின் தெரியாத ஊரில் ஒரு பெண் நின்றுவிட நேரும். பெண்களுக்கென்றே அங்கே வண்டி ஓட்டும் வகுப்புகள் நடப்பது இதனால்தான்.

1954இல் வந்த 'த லாங், லாங் டிரெய்லர்' படத்தில், காரோடு இழுத்துச் செல்லும் வண்டிவீட்டில் புதுமணத் தம்பதி பயணம் போகிறார்கள். லூசில் பால் நடித்த மனைவி, நினைவுக்காகப் போகிற இடங்களில் கல் பொறுக்கிச் சேர்க்கிறாள். மலை ஏறுமுன் அவற்றை எறியச் சொல்கிறான் கணவன், அவள் ஒளித்துவைக்கிறாள், ஏற்றத்தில் கற்கள் உருண்டு உள்ளே எல்லாம் நொறுங்குகிறது. நாம் சிரிக்க வேண்டிய இடம் அது. எடைக்கணக்கில் அவன் சொன்னது சரிதான். எதைச் சுமக்கலாம் என்ற தீர்ப்பு மட்டும் ஸ்டியரிங் பிடித்தவனிடம் எப்படிப் போனது என்று படம் கேட்பதில்லை.

க்ளோயி ஜாவ் இயக்கிய 'நோமேட்லேண்ட்' (2020) படத்தின் ஃபெர்னுக்கு அப்படித் தீர்ப்புச் சொல்ல யாருமில்லை. கணவன் இறந்து, வேலையும் ஊரும் போன பிறகு ஒரு பழைய வேனில் குடியேறியவள். அதைச் சுதந்திரம் என்று முழுதாகச் சொல்ல நாக்குக் கூசுகிறது. ஆனாலும் தன் அலமாரியைத் தானே அமைத்து, அதில் அப்பா சேர்த்துக் கொடுத்த பீங்கான் தட்டுகளை வைத்திருக்கிறாள். எந்த எடைக்கணக்கிலும் சேராத தட்டுகள். அவளை விரும்பும் டேவ் உதவி செய்ய வந்து அவற்றை உடைத்துவிடுகிறான். அவள் உட்கார்ந்து சில்லுகளை ஒட்டுகிறாள். பராமரிப்பு என்பது அழுக்கை நீக்குவதோடு முடியாது, பொருள்களில் தங்கிய வாழ்க்கையைக் காப்பதும் அதில் உண்டு என்று ஐரிஸ் மரியன் யங் பொவாரோடு வாதிட்டிருக்கிறார். அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு நான் யங்கின் பக்கம்.

வகுப்பில் இதைப் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள்: "அம்மா, உதவி பண்ண வந்தவர்தானே உடைச்சார்? அவரோடயே போய் இருந்திருந்தா தினமும் யார் ஒட்டிக்கிட்டு இருப்பா?"

பின்னால் அந்த டேவ், தன் மகனின் வீட்டிலேயே தங்கிவிடும்படி ஃபெர்னை அழைக்கிறான். பெரிய வீடு, நல்ல சமையலறை, கைக்குழந்தை, அன்பான மனிதர்கள். விடியற்காலையில் யாரிடமும் சொல்லாமல் வேனுக்குப் போய் வண்டியைக் கிளப்பிவிடுகிறாள். வேனில் கறுப்புத் தொட்டிகூடக் கிடையாது, ஒரு வாளிதான். அதை அவளேதான் கழுவ வேண்டும்.