கணக்கு வராதா? வரைந்து பார்!

"எனக்குக் கணக்கு வராது." இதை இனி ஒருமுறையும் சொல்லாதே, தம்பி! நீயும் சொல்லாதே, தங்கையே! உங்களை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். கணக்கைக் கண்ணில் காட்டவில்லை. யாரும் காட்டாவிட்டால் என்ன, நீங்களே வரவழைத்துப் பார்க்கலாம். பள்ளி ஆய்வகத்துப் பழைய கணினி போதும். பைத்தான் என்னும் நிரல்மொழியில் இருபது வரி போதும்.

இன்றைக்கே உட்கார். திரையில் ஒரு முக்கோணத்தின் மூன்று மூலைகளைக் குறி. ஏதாவது ஒரு மூலையிலிருந்து கிளம்பு. மூன்றில் ஒரு மூலையைக் குலுக்கிப் போட்டு எடுக்கக் கணினியிடம் சொல். நிற்கும் இடத்திலிருந்து அந்த மூலைக்குப் பாதி தூரம் போய் ஒரு புள்ளி வை. அங்கிருந்து மறுபடி குலுக்கல், மறுபடி பாதி தூரம், மறுபடி புள்ளி. ஐம்பது புள்ளியில் ஒன்றும் பிடிபடாது. விட்டுவிடாதே! 10,000 புள்ளி வரை ஓடவிடு. முக்கோணத்துக்குள் முக்கோணம், அதற்குள் இன்னும் சின்ன முக்கோணம் என்று உருவம் திரண்டு வரும். போலந்துக் கணித மேதை சியர்பின்ஸ்கி 1915-இல் விவரித்த உருவம் அது!

வாய்பிளந்து பார்த்ததோடு எழுந்து போகாதே. நடுவில் ஏன் ஒரு புள்ளிகூட விழவில்லை? எந்த மூலையை நோக்கிப் பாதி தூரம் போனாலும், அந்த மூலையை ஒட்டிய அரையளவு முக்கோணத்துக்குள்தான் விழுவாய். நடுப்பகுதிக்குள் போக வழியே இல்லை. இது விளங்கிய நிமிடம் ஒரு நிரூபணம் உன் வசமாகிவிட்டது. அதை எந்த மதிப்பெண்ணும் உனக்குத் தரவில்லை, எந்த மதிப்பெண்ணும் பறிக்கவும் முடியாது.

பெரிய படிப்புக்காரர்களின் வேலை இது என்று ஒதுங்காதே. 1967-இல் கணிதவியலாளர் சீமோர் பேப்பர்ட்டும் கூட்டாளிகளும் லோகோ என்னும் நிரல்மொழியை உருவாக்கியதே குழந்தைகளுக்காகத்தான். அதில் நாம் சொன்னபடி நகர்ந்து கோடு வரைவதற்கு 'ஆமை' என்று பெயர். அந்த ஆமை ஓர் அடி முன்னே போகும், ஒரு பாகை திரும்பும். இப்படி 360 முறை செய்தால் வட்டம். சூத்திரமே வேண்டாம்! அந்த ஆமை இன்று பைத்தானுக்குள்ளேயே காத்திருக்கிறது. நம்மூரிலும் இது நடந்திருக்கிறது: தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, நம் வாசல் கோலத்தையே கணினிக்குப் புரியும் விதிகளாக, அதாவது இலக்கணமாக ஆக்கி 1974-இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். உன் வீட்டு வாசலிலேயே கணக்கு கிடக்கிறது!

நிரலை ஓட்டும்போது பிழைச்செய்தி வரும். வரட்டும்! எந்த வரியில் கோளாறு என்று அதுவே பெரும்பாலும் சொல்லிவிடும். திருத்து, மறுபடி ஓட்டு.

முக்கோணம் வந்துவிட்டதா? இப்போது நான்கு மூலை வைத்துச் சதுரமாக்கு. உருவம் எதுவும் வராது. சதுரம் முழுக்கப் புள்ளி நிரம்பிவிடும். அடுத்து ஒரே ஒரு விதி சேர்: முன்முறை எடுத்த மூலையை உடனே மறுமுறை எடுக்கக் கூடாது. ஓட்டிப் பார். அங்கே வருகிற உருவத்துக்குக் காரணத்தை நான் சொல்ல மாட்டேன், நீ கண்டுபிடி!