திரிகையும் குயவனும்

குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று சைவ சித்தாந்திகள் தலைமுறை தலைமுறையாகப் பாடம் சொல்லி வந்திருக்கிறார்கள். அந்தத் திரிகை, குயவன் முன்னிரவில் எழுதி வைத்த ஓலையைத் தானே வாசித்து, அவன் உறங்கிக்கொண்டிருக்கையிலேயே குடத்தை வனைந்துவிடுமானால் கர்த்தா யார் என்ற ஐயம் எனக்கு உண்டானது மடாலயத்தில் அன்று. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரின் வீட்டுப் பின்கட்டில், இரண்டு லேத்துகளுக்கு நடுவே நின்றபோதுதான்.

வீட்டுக் கொட்டகையில் லேத் வைத்துக்கொண்டு சிறு நீராவி எஞ்சின்கள் செய்வது இங்கிலாந்தில் நெடுங்கால வழக்கம். பெர்சிவல் மார்ஷல் என்பவர் 1898-லேயே இதற்கெனப் பத்திரிகை தொடங்கிவிட்டார். நண்பரும் அந்த மோகத்தில் விழுந்தவரே. அவரிடமுள்ள லேத்துகளில் ஒன்று கைப்பிடியால் நகர்வது. மற்றது கம்ப்யூட்டர் சொற்படி நகரும் சி.என்.சி.

கைலேத்தில் அவர் நிற்கும் நிலை ஜபம் செய்பவருடைய நிலையை ஒத்தது. டூலை 0.05 மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் தண்டின் விட்டம் 0.1 குறையும் என்பது கணக்கு. ஆனால் கைப்பிடியைத் திசை மாற்றித் திருப்பினால் திருகுக்கும் மரைக்கும் இடையிலுள்ள தளர்வினால் டயல் நகர்ந்தும் டூல் நகராது என்பது அனுபவம். ஆகையால் அவர் தேவைக்கு மேலாகவே பின்வாங்கி, மறுபடி ஒரே திசையில் முன்னேறி, இரும்புச் சுருளின் நிறத்தைக் கண்ணாலும், வெட்டின் நாதத்தைக் காதாலும் வாங்கிக்கொண்டு, அந்த நாதத்தில் ஓர் அபஸ்வரம் தட்டிய மாத்திரத்தில் கையைத் தளர்த்திவிடுகிறார்.

மற்றதன் வம்சம் வேறு. ஆகாய விமானங்களின் வளைந்த உறுப்புகளைப் பிசகின்றி வெட்டும் முயற்சியில், துளையிட்ட காகித நாடாவின் எண்களைப் படித்துத் தானே இயங்கும் இயந்திரத்தை 1952-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் இயக்கிக் காட்டிற்று. நாடா மறைந்தாலும் எண்கள் மறையவில்லை. ஜி01 என்றால் நேர்கோட்டில் வெட்டிச் செல். எம்30 என்றால் முடித்துக்கொள். ஸங்கல்பம் முழுவதையும் மேஜையிலேயே செய்து முடித்துவிட்டுப் பொத்தானை அழுத்துகிறார் நண்பர்.

இதைக் கண்டு, கைதான் புனிதம், எந்திரம் மாயை என்று உபதேசிக்கத் தொடங்குகிறவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹென்றி மாட்ஸ்லே லேத்தில் திருகினால் நகரும் டூல்தாங்கியைப் பொருத்திச் செப்பம் செய்தபோதே உளி மனிதன் பிடியிலிருந்து நழுவிப் போயிற்று; மோட்டாரின் தயவில் சுழல்வதைக் ‘கைவேலை’ என்று பெருமை பேசுவதில் அகங்காரம் கலந்திருக்கிறது. நிரல் எழுதுவதும் உழைப்பே. ஒரு புள்ளி இடம் மாறினால் டூல் முறியும், வினைப்பயன் எழுதியவரையே சேரும். ஆதலால் கர்த்திருத்வம் இரண்டிடத்திலும் உண்டு என்பதே என் துணிபு.

வேற்றுமை காலத்தில் இருக்கிறது. வினையின் மூவகையில், கைலேத்தில் நடப்பது ஆகாமியம். இக்கணத்தில் செய்யப்படுவது, இக்கணத்தில் திருத்தவும் கூடுவது. நினைவகத்தில் அடுக்கி வைத்த நிரல்கள் சஞ்சிதம். அவற்றுள் ஓடத் தொடங்கிவிட்டதே பிராரப்தம். அதற்கு வேதாந்திகள் சொல்லும் உவமை வில்லை விட்டகன்ற அம்பு. பொருள் வேண்டுமென்றால் அம்பு போதும். நூறு குறிகளையும் ஒரே சீராகத் துளைத்துத் தரும். ஆனால் நண்பருக்கு விற்க வேண்டிய சரக்கு ஏதுமில்லை, அவசரமுமில்லை. பயனைக் கருதாமல் செயலையே நாடுகிறவருக்கு எய்தபின் நிற்கும் நேரம் வறண்டதுதானே என்று நான் வாதித்தேன்.

அவர் பதில் சொல்லவில்லை. புதிய நிரலை முதலில் வெறும் காற்றில் ஓட்டிப் பார்த்தார். பிறகு பித்தளைத் துண்டைச் சக்கில் இறுக்கி, வேகத்தைக் கால்பங்காகக் குறைத்து ஓடவிட்டார். நிறுத்துவதற்கென்று அதில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. முதல் உருப்படி வெட்டி முடிகிறவரை அவர் விரல் அதன்மேலேயே இருந்தது.