குடியிருக்கப் போவது யார்?

மனை வாங்குவதும் வீடு கட்டுவதும் உலகக் காரியம், அதில் மார்க்கத்துக்கு என்ன வேலை என்று நம்மவர்களில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். தரகரிடம் விலை கேட்கிறார்கள். கொத்தனாரிடம் மண்ணைப் பற்றிக் கேட்கிறார்கள். ஆலிமைத் தேடுவது வீடு கட்டி முடிந்து, பால் காய்ச்சும் அன்று துஆ ஓதத்தான். பிள்ளைகள் எந்தத் தெருவில் வளர்வது என்பதைவிடப் பெரிய மார்க்கக் கேள்வி ஒரு குடும்பத்துக்கு அடிக்கடி வருவதில்லை.

காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடி போகும் வழியில், கடலை ஒட்டி இருக்கிறது திருவேட்டக்குடி. பழைய சிவன் கோயிலும் மீனவர் குடியிருப்பும் வயலும் உள்ள ஊர். 2010-ல் தொடங்கப்பட்ட தேசிய தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம் இன்று அங்கேதான் இருக்கிறது. அந்தப் பக்கம் மனை வாங்கிக் குடும்பத்தோடு போய்விடலாமா என்று நம்மிடம் கேட்பவர்கள் உண்டு. நகரத்துத் தெருவில் அண்ணன் தம்பி பாகம் பிரித்துப் பிரித்து, வீடு ஒரு நடையும் இரண்டு அறையுமாகக் குறுகிவிட்டது. காற்று வேண்டும், பிள்ளைகள் ஓடியாட இடம் வேண்டும் என்கிறார்கள். நியாயமான ஆசைதான். விசாலமான வீடு மனிதனுடைய நற்பேறுகளில் ஒன்று என்பது நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதுதானே!

ஆனால் கேட்பவர் பெரும்பாலும் சபராளி. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. அன்று சைகோனுக்கும் பிறகு பாரிஸுக்கும் போனார்கள். இன்று வளைகுடாவுக்குப் போகிறார்கள். இரண்டு வருடத்துக்கு இரண்டு மாதம் தங்கப் போகிறவர் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார். மீதி இருபத்திரண்டு மாதம் அங்கே இருக்கப் போகிறவளை யாரும் கேட்பதில்லை.

இப்ராஹீம் (அலை) அவர்களும் மனைவியையும் பால்குடி மாறாத மகனையும் ஆளில்லாத பள்ளத்தாக்கில் விட்டுத்தானே போனார்கள் என்று சிலர் வாதிடுகிறார்கள். அந்த வரலாற்றை முழுதாகப் படிக்க வேண்டும். அன்னை ஹாஜரா (அலை) பின்னாலேயே வந்து, இது அல்லாஹ்வின் கட்டளையா என்று கேட்டார்கள். ஆம் என்ற பதில் கிடைத்த பிறகே திரும்பினார்கள். நம் சபராளிக்கு அப்படி எந்தக் கட்டளை வந்திருக்கிறது? கட்டளை இல்லாத இடத்தில் அவளுடைய சம்மதத்தையல்லவா கேட்க வேண்டும்!

அந்த நபி கேட்ட துஆவின் வரிசையையும் பாருங்கள். பிள்ளைகள் தொழுகையை நிலைநாட்டட்டும் என்பது முதலில். மக்களின் உள்ளங்கள் அவர்கள் பக்கம் சாயட்டும் என்பது அடுத்து. கனிவகைகள் அதற்கும் பிறகு. பிற்பாடு ஜுர்ஹும் கூட்டத்தார் ஸம்ஸம் அருகே தங்க அனுமதி கேட்டபோது அன்னையவர்கள் ஒப்புக்கொண்டார்கள், தண்ணீரில் உரிமை இல்லை என்ற நிபந்தனையோடு. மனிதத் துணையை அவர்கள் விரும்பினார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்களே குறிப்பிட்டதாக புகாரியில் வருகிறது. இஸ்மாயீல் (அலை) அரபு மொழியைக் கற்றதும் மணம் முடித்ததும் அந்த அண்டை வீட்டாரிடம்தான்.

அப்படியானால் மஹல்லாவை விட்டு யாரும் நகரவே கூடாதா? நாம் அப்படிச் சொல்லவில்லை. பனூ ஸலமா கோத்திரத்தார் தூரத்து வீடுகளை விட்டுவிட்டு மஸ்ஜிதுந் நபவீயின் பக்கத்தில் குடியேற விரும்பியபோது, இருந்த இடத்திலேயே இருங்கள், உங்கள் காலடிகள் எழுதப்படுகின்றன என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். மதீனாவின் ஓரங்கள் ஆளின்றிப் போவதை அவர்கள் விரும்பவில்லை. பக்கத்து வீட்டார் மீனவராக, விவசாயியாக, வேறு சமயத்தாராக இருப்பதும் தடையல்ல. அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்ததும், நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றுதான் முதலில் விசாரித்தார்கள். 2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கியபோது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது இந்தக் கரையோரத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நாம் கேட்பது வேறு. ஆண்மகன் மோட்டார் சைக்கிளில் ஜும்ஆவுக்குப் போய்விடுவார். அஸருக்குப் பின் மக்தபுக்குப் போக வேண்டிய ஏழு வயதுச் சிறுமியை யார் கொண்டுபோய் விடுவது? நள்ளிரவில் உம்மாவுக்கு மூச்சு முட்டினால் எந்தக் கதவைத் தட்டுவது? வீட்டில் ஒரு பெண் மௌத்தானால் குளிப்பாட்ட வருபவர் யார்? நகரத்துத் தெருவில் இவை கேள்வியே அல்ல. ஒரு குரல் கொடுத்தால் மாமியும் ராத்தாவும் ஓடி வருவார்கள். இன்னொன்று: புதுச்சேரி ஆட்சிப் பகுதியில் மது விலை குறைவு என்பதால் எல்லை தாண்டி வந்து குடிப்பவர்கள் உண்டு. மனை இருக்கும் சாலையைப் பகலில் மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்துவிடக் கூடாது.

உறவினரோ சிநேகிதரோ மூன்று நான்கு குடும்பத்தார் சேர்ந்து, அடுத்தடுத்த மனைகளாக வாங்கினால் பாதிக் கவலை தீரும். ஒரு வீட்டின் முன்னறையில் பிள்ளைகளை ஓதவைக்கலாம். தினம் ஒரு மணி நேரம் வந்துபோகும் உஸ்தாதுக்குச் சம்பளமும் பங்கிட்டுக்கொள்ளலாம். அதற்கும் முன்னால், மஃரிபுக்குப் பிறகு ஒரு நாள் மனைவியை அந்த இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அவள் வேண்டாம் என்றால் காரணம் கேளுங்கள். தரகர் சொல்லாத ஏதாவது ஒன்றை அவள் கண்டிருப்பாள்.