மூட்டைக்குக் காவல்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் எல்லோரும் அருவியைத்தான் பார்ப்பார்கள். பேரருவிக்கு எதிரே, கடைத் தாழ்வாரங்களிலும் படிக்கட்டுகளிலும், பைகளைச் சுற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இன்னொரு கூட்டத்தை யாரும் பார்ப்பதில்லை. மடியில் நாலைந்து செல்போன்கள், கைக்கடிகாரங்கள், மூக்குக் கண்ணாடி, வண்டிச் சாவி. பக்கத்தில் எல்லோருடைய மாற்றுத் துணியும் அடங்கிய பெரிய பை. தலைக்கு மேல் ஒரு குடை. முழங்கால் வலிக்கிற ஆச்சி ஒருத்தி இருப்பாள், கைக்குழந்தைக்காரி இருப்பாள். அவர்களைவிட அதிகமாக இருப்பது உடம்புக்கு ஒரு குறையும் இல்லாத, குடும்பத்தின் மூத்த மருமகள். எதற்கு உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்டால், ‘சாமான் இருக்குல்லா’ என்பாள்.

ஐந்தருவியில் அப்படி ஒருத்தியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய டிராவல் பை. ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. சொட்டச் சொட்ட நனைந்த பையன் ஓடிவந்து துண்டு கேட்டான். மேலே இருந்த முறுக்கு டப்பாவை எடுத்துப் படியில் வைத்தாள். அதற்கடியில் யாருடைய சேலையோ. அதை மடியில் போட்டுக்கொண்டு கையை அடிவரை விட்டுத் துழாவினாள். துண்டோடு கூடவே இரண்டு உள்பாவாடையும் ஒரு சட்டையும் சுருண்டு வந்தன. சாரல் அடித்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் திரும்ப மடித்து உள்ளே வைத்து முடிப்பதற்குள் கணவர் வந்து வேட்டி கேட்டார். மறுபடியும் முறுக்கு டப்பா வெளியே வந்தது. அப்போது குளித்துவிட்டு வந்த நாத்தனார் சொன்னாள்: “மைனி, நீங்க போயிக் குளிச்சிட்டு வாங்க. நான் பாத்துக்கிடுதேன்.” அந்த அம்மாள் தலை நிமிராமலே பதில் சொன்னாள்: “எது எங்க இருக்குன்னு ஒனக்குத் தெரியாதும்மா. பிள்ளைக எல்லாம் மாத்திக்கிடட்டும், நான் பொறவு போறேன்.”

அந்தப் பதிலை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. திருடன் பயம் அவளை அங்கே உட்கார வைக்கவில்லை. பையைப் பார்த்துக்கொள்ள ஆள் வந்துவிட்டது. ஆனால் பைக்குள் என்ன எங்கே இருக்கிறது என்பது ஒரே ஒரு மண்டைக்குள் இருந்ததால் அவளால் எழுந்து போக முடியவில்லை. வீட்டில் முந்தின நாள் இரவு எல்லோரும் தூங்கிய பிறகு அடுக்கியவள் அவள். அடுக்கிய கணத்திலிருந்து அந்தப் பைக்கு அவள்தான் பொருளடக்கம்.

பயணப் பைக்குள் வைக்கும் சின்னச் சின்னத் துணி உறைகள் இப்போது பரவலாக விற்கின்றன. பேக்கிங் கியூப் என்கிறார்கள். லேசான நைலான் துணி, மூன்று பக்கமும் ஓடும் ஜிப், உள்ளே இருப்பது தெரிய மேலே வலை. பெரிதும் சிறிதுமாக ஒரு செட்டில் ஐந்தாறு இருக்கும். சூட்கேஸைத் திறந்து இவற்றை அடுக்கிக் காட்டும் வீடியோக்களில் துணிகளை இனம் பிரித்து வைக்கிறார்கள்: சட்டை ஒன்றில், கால்சட்டை ஒன்றில், உள்ளாடை ஒன்றில். தனி ஆள் வாரக்கணக்கில் ஊர் சுற்றும்போது அது சரி. மூன்று தலைமுறை ஒரே வேனில் ஏறிவரும் நம் ஊர்ப் பயணத்துக்கு அந்த முறை உதவாது. எல்லார் சட்டையும் ஓர் உறையில் இருந்தால், அண்ணன் சட்டை எது, தம்பி சட்டை எது என்று பிரித்துக் கொடுக்க மறுபடியும் அவளே வரவேண்டும். இங்கே உறை ஆளுக்கு ஒன்றாக இருக்கவேண்டும். துண்டு, மாற்றுடை, சீப்பு எல்லாம் அவரவர் உறைக்குள். பச்சை உன்னுடையது, நீலம் அவனுடையது. பையைத் திறந்தவர் யாராக இருந்தாலும் எடுத்துக் கொடுக்க முடியும், அல்லது யாரும் எடுத்துக் கொடுக்கவே வேண்டாம். நூறு ரூபாய்த் துணிப்பையிலும் இது நடக்கும். நைலான் உறைதான் வேண்டும் என்றில்லை.

முன்பு சுமையின் பாரம் வேறு இடத்தில் இருந்தது. தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகும் மலை ரயில் பாதை 1904இல் வந்தது. அந்த ரயிலில், சீசனுக்கு வீடு பிடித்து வாரக்கணக்கில் தங்கிய குடும்பங்கள் டிரங்குப் பெட்டி, ஹோல்டால், ஜமக்காளம், கூஜா, அரிசி மூட்டை என்று ஒரு வீட்டையே பெயர்த்துக்கொண்டு வந்தன. தூக்கப் போர்ட்டர் இருந்தார், வண்டிக்காரர் இருந்தார். 1970இல் பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கர் சூட்கேஸுக்குச் சக்கரம் வைத்தார். 1972இல் காப்புரிமை கிடைத்தது. அதற்குப் பிறகு எடையைப் பற்றிய பயம் மெல்லப் போய்விட்டது. இழுத்துக்கொண்டு போகலாம் என்றதும் பெட்டி பெரிதானது. பல பெட்டிகளில் பிரிந்து இருந்தவை ஒரே பெரிய வாய்க்குள் போய் விழுந்தன. தூக்கும் சுமை குறைந்தது. தேடும் சுமை கூடியது. முதலாவதைச் சுமந்தவர் கூலி வாங்கினார். இரண்டாவதைச் சுமப்பவளுக்கு அது வேலை என்றே யாரும் கணக்கு வைப்பதில்லை.

அவரவர் சுமையை அவரவரே பிரித்து நிறைத்து, அவரவரே தூக்கும் ஒரு பயணம் இதே சாலையில், ஆண்டுதோறும் நடக்கிறது. கார்த்திகை பிறந்ததும் குற்றாலத்துக்கு அடுத்த கூட்டம் வரும். கறுப்பும் நீலமும் காவியும் உடுத்திய ஐயப்ப பக்தர்கள் பேரருவியில் குளித்து, குற்றாலநாதரைக் கும்பிட்டு, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகச் சபரிமலைக்குப் போவார்கள். தலையில் இருமுடி. நடுவில் கட்டப்பட்ட, இரண்டு அறை கொண்ட துணிப்பை அது. முன்முடி சாமிக்கு, பின்முடி தனக்கு. முன்முடியின் மையம் நெய்த்தேங்காய். நன்றாக முற்றிய தேங்காயை நார் போக வழுவழுவென்று தேய்த்து, ஒரு கண்ணைத் துளைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, உருக்கிய நெய்யை மெதுவாக நிரப்பி, கார்க் வைத்து அடைப்பார்கள். கூடவே அரிசி, வெல்லம், வெற்றிலை பாக்கு, காணிக்கைக் காசு. பின்முடியில் வழிச்செலவுக்கான அரிசி, பருப்பு. நடந்தே போன நாட்களில் பின்முடி வழியில் குறைந்துகொண்டே வரும். முன்முடியில் கை வைக்கக் கூடாது. இருமுடி இல்லாதவர் பதினெட்டாம் படி ஏற முடியாது. ஒருவர் முடியைக் காட்டி இன்னொருவர் ஏறவும் முடியாது.

இந்தப் பகுப்பில் நான் மதிப்பது, அது பொருளின் இனத்தைப் பார்க்கவில்லை என்பதுதான். இரண்டு அறையிலும் அரிசி இருக்கிறது. ஓர் அரிசி கொடுப்பதற்கு, ஓர் அரிசி உண்பதற்கு. யாருக்காக, எப்போது எடுக்க என்பதை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். சபரிமலைக்குப் போகும் எவரும் தன் முடிக்குள் எது எந்தப் பக்கம் இருக்கிறது என்று இன்னொருவரைக் கேட்டு நான் பார்த்ததில்லை. குருசாமி முன்னால் உட்கார்ந்து, தன் கையாலேயே அரிசி அள்ளிப் போட்டு நிறைத்த கட்டு அது.

அதற்குள்ளும் வேண்டாதவை வந்து சேரத்தான் செய்தன. கற்பூரம், ஊதுபத்தி, பன்னீர் பாட்டில், பிளாஸ்டிக் பொட்டலங்கள் என்று முன்முடி ஊதிப்போனது. மேலே கொண்டுபோனதில் பெரும்பகுதி பயன்படாமல் குப்பையானது. 2024 மண்டல காலத்துக்கு முன்பு, சபரிமலைத் தந்திரி கண்டரரு ராஜீவரு சொன்னதை ஏற்று, கோயிலை நிர்வகிக்கும் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு இவற்றை இருமுடியில் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. அதே ஆண்டு விமானத்தில் வரும் பக்தர்கள் நெய்த்தேங்காயைக் கையோடு கொண்டுபோக, 2025 ஜனவரி 20 வரை விலக்கு தரப்பட்டது. எண்ணெய்ச் சத்து உள்ள தேங்காய் தீப்பற்றும் என்பதால் விமானத்தின் உள்ளே கொண்டுபோக வழக்கமாக அனுமதி இல்லை. எது வேண்டாம், எது இல்லாமல் முடியாது என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே பருவத்தில் பதில் தேட வேண்டியிருந்தது. பை கட்டும் எவருக்கும் இந்த இரண்டு கேள்விகள்தான். உறைகள் இவற்றுக்குப் பதில் சொல்லாது. காற்றை வெளியேற்றித் துணியை அமுக்கும் உறைகள் இன்னும் மோசம். இடம் மிச்சமானதும் இன்னும் நாலு சேலை உள்ளே போகும். எடை அப்படியே இருக்கும், கூடவும் செய்யும். ஸ்லீப்பர் வகுப்பில் ஒருவர் 40 கிலோ வரை இலவசமாகக் கொண்டுபோகலாம் என்கிறது ரயில்வே. இரண்டு நாள் அருவிக் குளியலுக்கு அதில் கால்வாசிகூட வேண்டாம்.

கார்த்திகை மாதத்தில் தன் முடியைத் தானே நிறைத்துத் தானே சுமந்த அதே மனிதர், ஆனி மாதம் குடும்பத்தோடு குற்றாலம் வரும்போது, தன் துண்டு எந்தப் பையில் இருக்கிறது என்று மனைவியிடம் கேட்கிறார். விரத நாற்பத்தொரு நாளும் தன் துணியைத் தானே துவைத்துப் பழகியவர்களும் இவர்களில் உண்டு. முடியாத காரியம் அல்ல, பழகிய காரியம்தான். சாமி பெயரால் சுமக்க முடிந்ததை வீட்டின் பெயரால் ஏன் சுமக்க மறக்கிறோம் என்று நாம் கேட்டுக்கொள்ளவேண்டும். நான் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு நல்ல மரபு கையில் இருக்கும்போது அதை ஒரு பருவத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறோமே என்ற வருத்தம்தான்.

குற்றாலப் பையில் இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. வரும்போது எல்லாம் காய்ந்த துணி, போகும்போது பாதி ஈரம். சாரல் காலத்தில் லாட்ஜ் பால்கனியில் இரண்டு நாள் தொங்கினாலும் துணி காயாது. ஈரத்தை வலை உறைக்குள் மடித்து வைத்தால் சென்னை போய்ச் சேருவதற்குள் முடை நாற்றம் எடுக்கும், வெள்ளை வேட்டியில் கரும்புள்ளி விழும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே காலியாக ஒரு பை வரவேண்டும்: நீர் கசியாத, திரும்பத் திரும்பப் பயன்படும் ரெக்சின் பையோ, மூடியுள்ள வாளியோ. காலிப்பை கொண்டுவராத குடும்பம் கடைத்தெருவில் கேரி பேக் தேடும். அது கிடைக்காவிட்டால் ஈரத்துணியை அப்படியே விட்டுவிட்டுப் போவாரும் உண்டு. அருவிக்கரைப் பாறை இடுக்குகளில் கிடக்கும் பனியனும் துண்டும் அப்படி வந்தவைதான். பாபநாசத்தில் பரிகாரம் என்று தாமிரபரணியில் விட்ட துணிகளை டன் கணக்கில் அள்ளியிருக்கிறார்கள். சபரிமலை வழியில் பம்பை ஆற்றில் துணி விடுவது மரபில் இல்லாத பழக்கம் என்று தேவஸ்வம் போர்டு திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு, சீயக்காய் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. வீட்டிலேயே அவற்றைப் பையில் வைக்காமல் இருந்தால் அருவியில் போலீஸ்காரர் பிடுங்க வேண்டியதில்லை.

ஆளுக்கொரு உறை வேண்டும் என்பதற்கு இதைவிடக் கனமான காரணமும் இருக்கிறது. மேலே பொங்குமாகடல் என்னும் பாறைக் குழியில் விழுந்து எழுந்து வரும் தண்ணீர், மலையில் மழை வலுத்தால் சில நிமிடங்களில் நிறம் மாறும். பேரருவியின் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டத் தொடங்கினால் குளிக்கத் தடை. விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றுவார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் வெள்ளம் திடீரென்று இறங்கியபோது கூட்டம் படிகளில் சிதறி ஓடியது. பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். அந்தச் சாவுக்கும் பைகளுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் அப்படி ஒரு நொடி வரும்போது, படியில் பரப்பிய துணிகளைத் திரும்ப அள்ளித் திணித்துக்கொண்டு ஒரு பெண் நிற்கும்படி வைக்கக் கூடாது. அவள் விட்டுவிட்டு ஓடமாட்டாள். எல்லோருடைய பொருளுக்கும் தானே பொறுப்பு என்று பல வருஷமாகப் பழக்கப்பட்டவள், கடைசித் துண்டு வரை எடுத்துக்கொண்டுதான் நகருவாள். அந்தப் பழக்கத்தை நாம்தான் கொடுத்தோம்.

ஆளுக்கொரு உறை என்று சொன்னால் முதலில் தயங்குவது தாய்மார்களே. “அவன் கட்டுனா ஜட்டிய மறந்துட்டு வந்துருவான்” என்பார்கள். மறக்கட்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு மூன்று உருப்படிகளை எண்ணி வைக்கத் தெரியும். முதல் பயணத்தில் ஒன்று குறைந்தால் அடுத்ததில் குறையாது. குற்றாலம் கடைத்தெருவில் துண்டும் ஜட்டியும் கிடைக்காத நாள் கிடையாது. பெரியவர்கள் விஷயத்தில் கொஞ்சம் கூடுதல் பொறுமை வேண்டியிருக்கும். அத்தான்மாரும் மாமாமாரும் தங்கள் உறையைத் தாங்களே கட்டவேண்டும் என்பதை, கிளம்பும் நாள் காலையில் வேன் ஹாரன் அடிக்கும்போது சொல்லிப் பயனில்லை. இரண்டு நாள் முன்பே காலி உறையை அவரவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அருவிக்குப் போய்ச் சேர்ந்ததும், அதுவரை கட்டுப் பொறுப்பைச் சுமந்துவந்தவளை முதல் ஆளாகப் பெண்கள் பக்கம் அனுப்பிவிட்டு, குடையை வாங்கிக்கொண்டு வீட்டு ஆண்களில் ஒருவர் பைகளோடு உட்காரலாம். யாராவது வந்து ஏதாவது கேட்டால், எந்த நிறம் என்று மட்டும் கேட்டால் போதும்.