பரிசோதனைக்கு அஞ்சுவது தவக்குல் ஆகுமா?

 

"டெஸ்ட் எடுத்தால்தானே சர்க்கரை? அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று நம் திருப்பூரில் சிலர் சொல்கிறார்கள். இதுவா தவக்குல்?

உமர் (ரலி) அவர்கள் ஷாம் நோக்கிச் சென்றபோது, சர்க் என்ற இடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவிய செய்தி வந்தது. ஆலோசனை செய்து, திரும்பிவிட முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்கிறோம் என்று உமர் (ரலி) விளக்கினார்கள். வந்த செய்தியைக் கேளாதவர்போல் அவர்கள் நடக்கவில்லை.

சர்க்கரை நோய் தொடக்கத்தில் வலிக்காது. வலிக்காமலே கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் கெடுக்கும். நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் காட்டினால் மருத்துவரிடம் சென்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். முதல் சோதனைக்குத் தேவை விரல்நுனியில் ஒரு துளி இரத்தம். வாய்ப்பிருந்தும் அதைத் தர மறுப்பவர், அல்லாஹ் தந்த உடல் என்ற அமானிதத்தில் பொடுபோக்காக இருக்கிறார்.

ஆனால் வாய்ப்பே இல்லாதவரை என்ன சொல்வது? 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. ஊழியர்கள் வீடு தேடி வந்து சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். அவர்கள் வரும் பகல் நேரத்தில் கணவர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில், மனைவி செக்கிங்கில். வீடு பூட்டிக் கிடக்கிறது. ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் அரைநாள் லீவு போட்டால் கூலி போகும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களுக்கு மொழியும் தடை. இவர்களை அலட்சியக்காரர்கள் என்பது அநீதி.

இங்கே கடமை நம் பக்கம் திரும்புகிறது. கம்பெனி நடத்தும் சகோதரரே! ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசி, கூலி பிடிக்காமல், கம்பெனியிலேயே சோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். முடிவு அந்தத் தொழிலாளியின் இரகசியம், அதுவும் அமானிதமே. சர்க்கரை என்று தெரிந்ததும் வேலையை விட்டு நிறுத்தினால், அடுத்தவர் விரலை நீட்டுவாரா? ஜமாஅத் பொறுப்பாளர்களே! ஞாயிற்றுக்கிழமை மஹல்லாவில் முகாம் வையுங்கள், எம்மதத்தவரும் வரட்டும். நோய் தெரிந்தவர் மாத்திரையைத் தொடர்கிறாரா என்றும் விசாரியுங்கள். தொடராவிட்டால் சோதித்தும் பயனில்லை.

முயற்சி நம்முடையது, ஷிஃபா அல்லாஹ்வுடையது. இரண்டும் சேர்ந்ததே தவக்குல். அந்தத் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.