கலங்கரை விளக்கும் காவலும்

உலகிற் செய்யப்படும் தொழில்களுள் பயன் கண்ணுக்குப் புலனாவன சில, புலனாகாதன சில. உழுதவன் விளைவைக் காண்கின்றான். நெய்தவன் ஆடையைக் காண்கின்றான். காவல் புரிவோன் காண்பது யாது? தீங்கு நிகழாமை ஒன்றே. நிகழாதது கண்ணுக்குப் புலனாவதில்லை. எண்ணிக் கணக்கிடவும் வருவதில்லை. அங்ஙனமாயின், காவற்றொழிலுக்குப் பயன் உண்டென்று துணிவது எங்ஙனம்? அதனைச் செய்வோன் எதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு செய்வது? அவன் பொருட்டு உலகம் செய்யக் கடவது யாது? இம்மூன்று வினாக்களையும் கடலிடைத் தனித்து நிற்கும் கலங்கரை விளக்கொன்றினை முன்னிறுத்தி ஆராய்வாம்.

கனடா நாட்டின் மேலைக் கோடியில், பசிபிக் பெருங்கடலை அடுத்துக் கிடப்பது பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். கடலினின்றும் எழும் ஈரக்காற்று ஆண்டுக் கரையோர மலைத்தொடரில் மோதி மேலேறிக் குளிர்ந்து பெருமழையாகப் பொழியும். அக்கரையிலுள்ள ஓஷன் பால்ஸ் என்னும் ஊரில் ஆண்டு மழையளவு 4,000 மில்லிமீட்டருக்கு மேற்படும். மழை நீங்கிய நாளில் மூடுபனி கவியும். அத்தகைய கடலில், வாங்கூவர் தீவின் வடமுனைக்கு அப்பால், எக் தீவு என்னும் சிறு தீவொன்று உளது. அதன்கண் 1898-ஆம் ஆண்டில் கலங்கரை விளக்கு நிறுவப்பட்டது. ஆங்கு ஊரும் இல்லை, சாலையும் இல்லை. உணவும் எண்ணெயும் பிறவும் கடல் வழியே வருதல் வேண்டும்; பிற்காலத்தே ஹெலிகாப்டரிலும் வரலாயின. கடல் பொங்கினால் வருவது யாதும் இல்லை.

முற்காலத்தில் இத்தகைய நிலையங்களில் எண்ணெய் வார்த்தலும், திரியைச் செப்பஞ்செய்தலும், கண்ணாடி துடைத்தலும், விளக்கைச் சுழற்றும் பொறியை முறுக்கி வைத்தலும், மூடுபனிக் காலத்தில் ஒலிக்கருவியை இயக்குதலும் காப்பாளர் கடமைகளாயிருந்தன. மின்னாற்றல் வந்தபின் விளக்குத் தானே எரியவும் தானே அவியவும் கற்றுக்கொண்டது. பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டோடு கலங்கரை விளக்குகள் அனைத்தும் தாமே இயங்குவனவாயின. காப்பாளர் எல்லாரும் நீங்கினர்.

இனி, இதுபற்றித் தடை நிகழ்த்துவார் கூறுமாறு: "இயந்திரம் உறங்காது, உணவு வேண்டாது, ஊதியம் கேளாது. ஆண்டு முழுவதும் கடலைப் பார்த்திருக்கும் மனிதனுக்குப் பெரும்பாலான நாட்களில் நேர்வது ஒன்றுமில்லை. ஒன்றும் நேராமைக்குப் பொருள் கொடுத்தல் வீண்செலவன்றோ?" என்ப. கனடா அரசும் இக்கருத்தினைத் தழுவியே 1990-களில் சில நிலையங்களினின்றும் காப்பாளரை நீக்கியது. மக்கள் எதிர்ப்பினால் இடையே நிறுத்தியது. 2009-ஆம் ஆண்டில் அம்முயற்சி மீண்டும் தலையெடுத்தது. அந்நாட்டு மேலவைக் குழுவொன்று கரையோர மக்களிடம் நேரிற் கேட்டறிந்து, 2010-ஆம் ஆண்டில், காப்பாளரை நீக்குதல் தகாதென அறிக்கை தந்தது. அப்போது பிரிட்டிஷ் கொலம்பியாவில் 27 நிலையங்களிலும் நியூபவுண்ட்லாந்தில் 23 நிலையங்களிலும் காப்பாளர் இருந்தனர்.

மேற்கூறிய தடைக்கு விடை யாதெனின், கூறுதும். விளக்குக் காட்டும், காணாது. அது சடப்பொருள். காண்டல் அறிவுடைய பொருளுக்கே உரியது. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொண்டமையே தடை நிகழ்த்துவாரின் மயக்கத்துக்குக் காரணமென்க.

இதற்கு ஒரு சான்று காட்டுதும். வாங்கூவர் தீவின் மேலைக்கரையில் 1874-ஆம் ஆண்டு முதல் ஒளி தந்து வருவது பீல் முனை விளக்கு. 1906-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஒரு பெரும்புயல். கொலோமா என்னும் பாய்மரக் கப்பல் பாய்கள் சிதைந்து பாறைகளை நோக்கி ஒதுங்கியது. விளக்கு அன்றும் குறைவின்றி எரிந்தது. ஆயினும் கப்பலோ தன்னைச் செலுத்திக்கொள்ளும் ஆற்றலிழந்தது. வழி அறிந்தும் செல்லமாட்டாதவனுக்கு ஒளியினால் ஆவதென்? காப்பாளர் அக்கப்பலைக் கண்டார். தந்திக் கம்பியோ புயலில் அறுந்து கிடந்தது. நிலையத்தை விட்டு அவர் பெயர்தல் கூடாது. ஆகலின் அவர் மனைவியார் மின்னி பேட்டர்சன் என்பார் தம் இளங்குழந்தைகளை விட்டு, சுமார் ஆறு மைல் தொலைவு, மரங்கள் முறிந்து கிடந்த காட்டுவழியே புயலிற் சென்று செய்தி சேர்ப்பித்தார். குவாட்ரா என்னும் அரசாங்கக் கப்பல் விரைந்து போந்து மாலுமிகளை மீட்டது. அதன் பின்னர்க் கொலோமா பாறையில் மோதி நொறுங்கியது. அவர் உயிரைக் காத்தது கண்டதோர் கண்ணும், கண்டபின் வாளாவிருக்கமாட்டாத நெஞ்சும் ஆம்.

இக்காலத்தும் அங்ஙனமே. அக்கரையிற் காப்பாளர் குறித்த நேரந்தோறும் காற்றின் வன்மையையும் அலையின் உயரத்தையும் பனியின் செறிவையும் நோக்கி வானொலியில் அறிவிக்கின்றனர். மீன்பிடிப் படகினரும், கடற்பரப்பில் இறங்கும் சிறு வானூர்தியினரும் அதனைக் கேட்டே புறப்படுதலும் தங்குதலும் செய்கின்றனர். கருவிகளும் காற்றை அளக்கும். ஆயினும், "இன்று புறப்படற்க" என்று ஒருவன்பால் இரங்கிக் கூறுதல் கருவிக்கு இயலாது. அவ்வுரை கேட்டுக் கரையில் தங்கினவன் பிழைத்தான் என்பது எக்கணக்கிலும் ஏறுவதில்லை. கணக்கில் ஏறாமையால் இல்லையென்றல் பொருந்துமோ? வேர் மண்ணுள் மறைந்து நிற்றலின் மரத்திற்கு வேரில்லையென்பார் யாண்டும் இலர்.

இனி இரண்டாவது வினா. "காப்பாளன் ஊதியம் பெறுகின்றான், கூலிக்குச் செய்வது அறமாமோ?" எனின், ஆம் என்க. கூலி அளப்பது நாழிகையை. கருத்தினை அளக்க அதனால் இயலாது. நள்ளிரவில் மழை பெய்கையில், மேலதிகாரி பலகாத தூரத்தில் உறங்குகையில், சாளரத்தருகே சென்று இன்னொருமுறை கடலை நோக்குதலும், "யாதும் இராது" என்று படுத்துக்கிடத்தலும் ஊதியத்தில் ஒன்றே, அறத்தில் வேறு. முன்னதைச் செய்தமைக்குச் சான்று கூறுவார் எவருமிலர். பெயரறியாத ஒருவன், இன்று வரினும் வாராவிடினும், அவன் பொருட்டு விழித்திருத்தலே அவன்றன் பற்றுக்கோடு. பிறர் காணாவிடத்தும் செவ்விதாக நிகழும் செயலே ஒருவனது உள்ளத்தின் உண்மை நிலையை உரைப்பது.

மூன்றாவது, உலகின் கடமை. 1948-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் எழுந்த புயலின் அலைகள் எக் தீவின் விளக்கையும் காப்பாளர் மனையையும் ஓரிரவில் வாரிச் சென்றன. காப்பாளரும் மனைவியும் மைந்தனும் மேட்டுநிலத்துக்கு ஓடி, குளிரிலும் மழையிலும் சில நாள் துன்புற்றுப் பின்னரே மீட்கப்பட்டனர். பிறரைக் காக்க வைக்கப்பட்டோரைக் காப்பார் அவ்விடத்து இலராயினர். 2024-ஆம் ஆண்டில், கார்மனா முனை, பச்சினா முனை என்னும் இரண்டு நிலையங்களின் நிலம் உறுதியற்றதென்று கண்டு, ஆங்கிருந்த காப்பாளரை நீக்க அரசு துணிந்தது. காவலனுடைய உயிரும் உயிரே ஆகலின், இடிந்துவிழும் நிலத்தில் அவனை நிறுத்திவைத்தல் அறமன்று. ஆயின், செலவு மிகுதியென நீக்குதலும், உயிர்க்கு இடையூறென நீக்குதலும் ஒன்றல்ல. முன்னதற்குக் காரணம் காவலின் அருமை அறியாமை. பின்னதற்குக் காரணம் காவலனது அருமை அறிந்தமை. பின்னதன்கண்ணும், அவன் விட்டுச் சென்ற பார்வையை வேறெவர் ஏற்பார் என்று ஆராய்ந்து வழிசெய்தல் நீக்கினோர் கடனாம்.

ஆகவே, காவலின் பயன் நிகழாமையில் உள்ளதென்பதும், அதனை நாடோறும் காட்டச் சொல்லுதல் பொருந்தாதென்பதும் பெறப்பட்டன. தீங்கின்றி விடிந்த ஒவ்வொரு காலையும் எவரோ ஒருவர் விழித்திருந்தமையின் பயனாயிருத்தல் கூடும். அவர் யாரென நாம் அறியோம். நாம் யாரென அவரும் அறியார். அறியாதவர் பொருட்டு விழித்திருத்தற்கு நம் முறை வருங்கால், அதனை ஒழுங்காக நிறைவேற்றுதலே அவர்க்கு நாம் செய்யும் கைம்மாறு என்க.