ஜீவா

விடிய இன்னும் நேரமிருக்கிறது. தம்புரா தோளில் சாய்ந்திருக்கிறது.

தந்திக்கும் குதிரைக்கும் நடுவில் ஒரு நூல், ஜீவா. நகத்தால் மயிரிழை அளவு தள்ளுகிறேன். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். தந்தி சட்டென்று தேனீக்கூட்டமாய் ரீங்கரிக்கிறது.

சுருதி ஏறவில்லை, இறங்கவில்லை. நாதம் வேறு.

ஜீவா பேசுகிறது.

~

ஐந்து கட்டை. ஷட்ஜம். அகாரத்தில் நிற்கிறேன்.

காலைக் குரல். கொஞ்சம் கரகரப்பு. உள்ளங்கையை நெஞ்சில் வைக்கிறேன். எலும்பு அதிர்கிறது.

நொடிக்கு 200 தடவைக்குச் சற்றுக் குறைய, இரண்டு சவ்வு மடிப்புகள் தொட்டுப் பிரிகின்றன. நீளம் 1 முதல் 2 சென்டிமீட்டர். அங்கே பிறப்பது ஒரு ரீங்காரம். தொண்டையும் வாயும் மூக்கும் சேர்ந்து அதைக் குரலாக்குகின்றன.

மடிப்பு பிறவியில் வந்தது. அதற்கு மேலே இருக்கும் இடம் கொஞ்சம் இசைந்து கொடுக்கிறது.

கொட்டாவி வருகிறது. குரல்வளை இறங்குகிறது. அந்த இறக்கத்திலேயே பாடிப் பார்க்கிறேன். அதே ஷட்ஜம் கனத்துவிடுகிறது, கிணற்றடியிலிருந்து வருவது போல.

பல் தெரிய உதட்டை விரிக்கிறேன். மெலிந்து, பளிச்சென்று முன்னால் வருகிறது.

எது என்னுடையது. கேள்வி வருகிறது. தந்தியோடு போகிறது.

~

டி.எம்.எஸ். எம்.ஜி.ஆருக்கு ஒரு குரல், சிவாஜிக்கு ஒரு குரல். படம் பார்க்காமலே யாருக்கென்று தெரிகிறது. இரண்டிலும் டி.எம்.எஸ். என்பதும் தெரிகிறது.

எஸ். ஜானகி. 1962, 'கொஞ்சும் சலங்கை'. காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் போகும் இடமெல்லாம் அந்தக் குரலும் போகிறது, அதே கூர்மையோடு.

1981, 'மௌன கீதங்கள்'. ஒரு சின்னப் பிள்ளை பாடுகிறது. மழலை, மூச்சு, அடம், எல்லாம் பிள்ளையுடையவை. கண்ணை மூடிக் கேட்கிறேன். பிள்ளைக்குப் பின்னால், மிக மெல்ல, ஜானகி இருக்கிறார். எந்த இடத்தில் என்று சொல்ல வரவில்லை.

~

மந்தர பஞ்சமத்துக்கு இறங்குகிறேன். குரல் பாதி காற்றாகிறது.

பாட்டு சொல்லிக்கொடுத்த மாமி மாதக்கணக்கில் என்னை இங்கேயே நிறுத்தி வைத்தார். வேறொருவர் குரலைத் தொண்டையில் ஏற்றிக்கொண்டு மாமி வீட்டுக்குப் போன நாட்கள். மாமி திருத்தவில்லை. கீழே நில்லு என்றார். அவ்வளவுதான்.

நிற்கிறேன்.

காற்று. பிறகு ஒரு சின்னக் கார்வை. பிறகு காற்று.

~

எங்கோ ஒரு காகம்.

வாசலில் பால். "வச்சிட்டுப் போங்க" என்கிறேன். யோசிக்காமல் வந்த குரல்.

அதில் அம்மா.

~

ஜன்னல் வெளுக்கிறது. தந்தி கொஞ்சம் மங்குகிறது.

விரல் நூலைத் தேடுகிறது.